நாலும் இழுக்கிற வண்டி

அந்த வண்டியின் நிறம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சட்டென்று சொல்ல வராது. சிவப்பு என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனால் கண்டனூர் வீட்டு முகப்பில், மதியம் மூன்று மணிக்கு மேல் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கும்போது, அது பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக நிற்கும். நான் அதிகம் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். கனவில் வரும்போது அதற்கு நிறமே இருப்பதில்லை, சத்தம் மட்டும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் நீண்டு போயிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா ஒரு தவக்காலத்தில் காய்ச்சலில் போனாள். அதே வருஷம் ஆகஸ்டில் அப்பாவுக்கு வாதம் அடித்தது. கை மெல்லத் திரும்பிவிட்டது, இடது கால் திரும்பவில்லை. முப்பது வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டியவருக்குக் கிளட்ச் மிதிக்கிற காலே போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோலை ஊன்றிக்கொண்டு தெருவில் நடப்பார். யாராவது கைகொடுக்க வந்தால் கோலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் சாவி அவரிடம் வந்திருந்தது. வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருந்தார்கள். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்று ஏதாவது வந்தால்தான் அந்த வீட்டுக்கு உயிர் வரும். மற்ற நாட்களில் வாரம் ஒரு தடவை நானும் அப்பாவும் போய்க் கதவுகளைத் திறந்து காற்று விடுவோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அத்தனை பெரிய வீட்டில் இரண்டே பேர் நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கு முன்னால் போய் வீட்டின் அடுத்த கட்டுக்குள் காத்திருக்கும். எனக்கு அது பிடிக்கும். ஒரு அறையில் நுழைந்து, எதற்கு வந்தோம் என்று மறந்துபோய், சுவரில் நகரும் வெயிலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். அப்பா எங்கிருந்தோ கூப்பிடுவார். குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது.

அந்த வருஷம் ஆனி மாதம் அந்த வீட்டில் கல்யாணம். கப்பலில் வந்த சாமான்களோடு அந்த வண்டியும் வந்து இறங்கியது. பைக் மாதிரி ஏறி உட்கார வேண்டும், பைக் மாதிரியே கைப்பிடி, ஆனால் சக்கரம் நாலு. ஒவ்வொன்றும் கொழுத்த டயர். டேங்கின்மேல் ஆங்கிலத்தில் ஸ்போர்ட் என்று சாய்வாக எழுதியிருந்தது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் பிள்ளைகள் ஓட்டி விளையாடுகிற வண்டியாம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்தியில் பாயசத்தைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பேச்செல்லாம் ஒரே கேள்வி. இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா, பின்னால் இரண்டு மட்டும் இழுக்கிற வண்டியா? வண்டியோடு வந்த புத்தகம் மலேசியாவிலேயே தங்கிவிட்டது. ஓட்டின பையன்களுக்கோ ஓட்டத்தான் தெரியும். நாலு சக்கரம் இருந்தால் நாலும் இழுக்கத்தானே செய்யும் என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரம் இருக்கிறது, இரண்டுமா இழுக்கிறது என்று கேட்டுவிட்டேன். அப்பா என்னை முறைத்தார்.

பிறகு அவரே தீர்ப்புச் சொன்னார். பந்தியில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஜீப் ஓட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"இம்புட்டுப் பெரிய டயரைப் போட்டு, சேத்துக்கும் மணலுக்கும்னு செஞ்ச வண்டி. இதுக்கு நாலுலயும் இழுவை குடுக்காம விடுவானா? நாலும் இழுக்குற வண்டிதான்."

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது அந்த வீட்டு ஆச்சி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். "நின்னுக்கிட்டே இருந்தா கெட்டுப் போகுமாம்ல அண்ணே. மாசம் ஒருக்கா எடுத்து ஓட்டி வைங்க. ஒங்களுக்கு எங்குட்டுப் போகணும்னாலும் எடுத்துக்கிருங்க. நாங்களா வந்து ஓட்டப் போறோம்?"

எங்குட்டுப் போகணும்னாலும். அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்கு ஆவணி பிறந்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஆட்களின் கல்லறைத் தோட்டம் கண்மாய்க்கு அந்தக் கரையில் இருக்கிறது. கண்மாயின் உள்வாயில், தண்ணீர் பிடிக்கிற பள்ளத்துக்குள், ஒரு பாதை குறுக்கே போகும். கோடையில் அது வெறும் புழுதி. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வரும்போது மட்டும் எப்போதும் மழை முந்திக்கொள்ளும். தண்ணீர் ஆழமான பக்கத்தில் நிற்க, பாதை முழங்கால் சேறாகக் கிடக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செவ்வந்தி மாலையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எல்லோரும் அதில் இறங்கித்தான் போவார்கள். சுற்றிக்கொண்டு போகிற ரோடு வயல்வெளியில் பாதியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து ஒற்றை வரப்புதான். சேறோ வரப்போ, கோல் ஊன்றுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அம்மாவைப் புதைத்த அன்றைக்கு அப்பா நடந்துதான் போனார். அதற்குப் பிறகு ஒரு கல்லறைத் திருநாளுக்குக்கூட அவர் அங்கே போனதில்லை. இரண்டு வருஷம் அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் தனியாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அப்பா சிரித்தார்.

"அங்க என்னையத் தூக்கிட்டுப் போற நாளு ஒண்ணு வரும்ல. அதுக்கு முன்னாடி வேணாம்."

சிரிப்போடு சொன்னாரே தவிர, அன்று சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தவர் என் சேலை ஓரத்துச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வர்த்தி ஏற்றினாய், காற்று அடித்ததா, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்திருந்தார்களா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டார். நேரில் பார்ப்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார்ப்பாயை விலக்கி வண்டியைக் கிளப்பினோம். கிளட்ச் பிடிக்கிற வேலையே அதில் இல்லை. இடது காலால் கியரைத் தட்டிவிட்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒரு சின்ன விசையை அழுத்தினால் போகும். சத்தம் வீடு முழுக்க உருண்டு போய், மூன்றாம் கட்டுவரை எட்டித் திரும்பி வந்தது. எங்கோ புறாக்கள் பறந்தன. அப்பா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே நின்றார்.

"இதுல ஒங்கம்மாகிட்டப் போயிரலாம்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ செய்யவும் செய்தது. "போகலாம்ப்பா" என்றேன்.

"நாலும் இழுத்தாத்தான் அந்தச் சேத்துல போகும். ரெண்டு மட்டும் இழுத்தா ஒங்காந்துரும். எதுக்கும் கீழ பாத்துரு. எஞ்சின்லருந்து முன்சக்கரத்துக்கு ராடு ஏதாச்சும் போகுதா? என்னால பாக்கத் தோதுப்படாது."

சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. அரை நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை. எஞ்சினிலிருந்து ஒரு சங்கிலி பின் அச்சுக்குப் போனது. முன்பக்கம் ஒன்றுமே போகவில்லை. ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் கம்பி, அவ்வளவுதான். முன்சக்கரங்கள் இரண்டும் சும்மா உருளுகிற சக்கரங்கள். பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன், ஸ்போர்ட் என்று விற்கிற ரகமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தானாம். எடை குறைவாக, துள்ளிப் பாய்வதற்காகச் செய்தது. பண்ணை வேலைக்கு என்று செய்கிற ரகத்தில்தான் நாலிலும் இழுவை வைப்பார்களாம். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சங்கிலிதான்.

நிமிர்ந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் பலகைமுன் நிற்பார்களே, அப்படி நின்றார்.

"போகுதுப்பா. முன்னாடியும் போகுது" என்றேன்.

தப்பான விடையை எழுதிய பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவள் நான். எனக்கு அப்போது பொய் சொல்கிறோம் என்ற குற்றவுணர்ச்சிகூட வரவில்லை. அவர் சந்தோஷப்படட்டும், நவம்பர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை பொய்த்துப் பாதை காய்ந்தே கிடக்கலாம் என்றுகூட ஒரு நப்பாசை. அப்பா வண்டியின் டேங்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

புரட்டாசி, ஐப்பசி இரண்டும் எனக்கு ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கண்டனூர் வீட்டுக்கு வந்து, வண்டியை எடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் ஓட்டிப் பழகினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றில் தலை கலைந்து, சுற்றிச் சுற்றி வருவேன். ஊர் என்ன சொன்னதோ, எனக்குக் காதில் விழவில்லை. எஞ்சின் சத்தத்துக்குள் ஒரு அமைதி இருக்கும், அதற்குள் உட்கார்ந்துகொண்டால் வீடு, பள்ளிக்கூடம், வரன் எதுவும் உள்ளே வராது. ஓட்டுகிறவள் நான்தானா என்றே சந்தேகமாக இருக்கும். அப்பா நிழலில் நின்று கோலால் தரையில் கோடு கிழித்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நாலும் இழுக்கிற வண்டியைச் சேற்றில் எப்படி விட வேண்டும், அவசரமே கூடாது, முதல் கியரில் ஒரே சீராக ஊர்ந்து போக வேண்டும். அவர் சொன்னதெல்லாம் சரி. வண்டிதான் வேறு. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். அவர் அடுத்த கோட்டைக் கிழிப்பார்.

மழை பொய்க்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் முன்னால் பிடித்து, முதல் நாள் இரவுதான் விட்டது. மறுநாள் மூன்றரை மணிக்கு அப்பா வெள்ளை வேட்டி, சட்டையோடு தயாராக நின்றார். சவரம் செய்திருந்தார். பங்குச் சாமியார் நாலரைக்குத் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார், அதற்குள் போய்விட வேண்டும். வண்டியின் முன்னால் ஒரு பையைக் கட்டினேன், மாலை, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. நான் முன்னால், அப்பா பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அப்பாவின் கை என் தோளில் கனமாக இருந்தது. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

கண்மாய்க்குள் இறங்கியதும் உலகம் அகன்றுவிட்டது. வானம் முழுக்க வெள்ளை மேகம், அதே மேகம் வலதுபக்கத் தண்ணீரிலும். கொக்குகள் நாங்கள் வந்ததைப் பார்த்தும் பறக்காமல் இரண்டடி நகர்ந்து நின்றன. காட்டாமணக்கு ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடந்தது. அந்தக் கரையில் ஆட்கள் சின்னச் சின்னதாக நடமாடினார்கள். யாரோ ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது தண்ணீர்மேல் மிதந்து வந்தது. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"மெதுவாத்தா. ஒரே சீரா விடு. நாலும் இழுக்கும்" என்று அப்பா காதருகில் சொன்னார்.

அவர் சொன்னபடியே மெதுவாக விட்டேன். பாதி தூரம் வந்தோம். பாதை சற்றுத் தாழ்கிற இடத்தில் வண்டி ஒரு முறை முனகியது. பிறகு எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. நான் இன்னும் அழுத்தினேன். பின்னாலிருந்து சேறு வாரியடித்து எங்கள் தலைக்குமேல் விழுந்தது. பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தங்களுக்கே குழி தோண்டிக்கொண்டன. விசையை விட்டேன். அமைதியாகிவிட்டது.

அப்பா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவ அமுக்கு."

அமுக்கினேன். பின்னால் சேறு பறந்தது. முன்சக்கரங்கள் இரண்டும், கடையில் விற்பனைக்கு வைத்தது போல, அசையாமல் நின்றன.

"முன்சக்கரம் சுத்தலையே" என்றார்.

நான் எஞ்சினை அணைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ராடு போகுதுன்னு சொன்னியே?"

"இல்லப்பா. போகல. அன்னைக்கே பாத்தேன்."

அந்தக் கரையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் சேற்றில் இறங்கி நின்றேன். முழங்கால்வரை போயிற்று. அவர் கண்ணில் கோபத்தை எதிர்பார்த்தேன், கோபம் இருந்தது. அதற்கு அடியில் இருந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏன் பொய் சொன்ன?"

"ஆசையா கேட்டீக. எப்படிப்பா இல்லைங்குறது?"

"ரெண்டு சக்கரம்னு சொல்லிருந்தா ரெண்டு சக்கரத்துக்கு ஒரு வழி பாத்திருப்பேன்ல? முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவென். ரெண்டு இழுக்குற வண்டிய இப்படி ஊர விடக் கூடாது. காத்தக் குறைச்சுட்டு, ரெண்டாம் கியருல, நிக்காமப் போயிரணும். நீ என்னைய நொண்டியாப் பாத்தியே ஒழிய டிரைவரா பாக்கல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல இருந்தார். கையைத் தேய்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

பின்டயர் இரண்டிலும் வீட்டுச் சாவி முனையால் அமுக்கிக் காற்றை இறக்கச் சொன்னார். போதும் என்கிறவரை இறக்கினேன். காட்டாமணக்குத் தண்டுகளை ஒடித்து வந்து பின்சக்கரங்களுக்கு முன்னால் திணித்தேன். பிறகு அவர் தானே முன்னால் நகர்ந்து கைப்பிடியைப் பிடித்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியில் வைத்தார். உடம்பைப் பின்னால் தள்ளி, பின்சக்கரத்துமேல் கனம் விழுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"கியரக் கையால தூக்கி ரெண்டாவதுல போடு. போட்டுட்டுப் பின்னாடி போய்த் தள்ளு. நான் போயிக்கிட்டே இருப்பேன். ஒனக்காக நிக்க மாட்டேன். நின்னா மறுபடி ஒங்காந்துரும்."

"தனியாவா?"

"பின்னே?"

கியரை மாற்றினேன். பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எஞ்சின் கத்தியது, என் முகம், வாய், கண்ணெல்லாம் சேறு. தண்டுகள் படபடவென்று உடைந்தன. திடீரென்று என் கைக்கு எதிரே எதுவும் இல்லை. நான் குப்புற விழுந்தேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது வண்டி பத்தடி தள்ளி இருந்தது. வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட, அப்பா கைப்பிடியை ஒடித்து ஒடித்து நேராக்கிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியிருந்தது.

"நிக்காதீக!" என்று கத்தினேன். "நிக்காதீகப்பா! போங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்குகள் இப்போது எழுந்து பறந்தன. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். அந்தக் கரையில் ஜெபம் நின்றுபோய், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றது தெரிந்தது. வண்டி கரைமேட்டில் ஒரு துள்ளுத் துள்ளி ஏறி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. நான் கண்மாய் நடுவில் தனியாக நின்று சிரித்தேன், அழுதேன். அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெங்கும் நின்றதில்லை.

நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது சாமியார் மந்திரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போயிருந்தார். சுண்ணாம்பு வாசமும் மெழுகு வாசமுமாக இருந்தது. வண்டி அம்மாவின் கல்லறையை ஒட்டி நின்றது. அப்பா அதிலிருந்து இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே கையை நீட்டி, கல்லறைத் தலைமாட்டில் மாலையைச் சாத்தியிருந்தார். தலைமாட்டுச் சிலுவையின் மறுபக்கத்தில், காற்றுக்கு மறைவாக, எப்படியோ எட்டி ஒரு மெழுகுவர்த்தியை நட்டிருந்தார். அம்மாவிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சக்கரம்னு சொன்னா நான் ஒடிஞ்சு போயிருவேன்னு நெனச்சிருக்கா ஒம் மக. படிச்ச பிள்ளதான். என்னையத்தான் படிக்கல. எல்லாத்தையும் இனிமே மறைக்க ஆரம்பிச்சான்னா, நான் யாருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது? எனக்குன்னு அவ ஒருத்திதான இருக்கா?"

நான் பின்னால் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. புகாரை நிறுத்தினார். அவர் கையைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை.

சிலுவையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இங்கருந்து எனக்குத் தெரியல. வர்த்தி எரியுதா?"

சுற்றி வந்து பார்த்தேன். திரியில் புகைகூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா" என்றேன். "அணைஞ்சிருச்சு."

அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.